வாய் முகர்ந்த வியாகுலம்

ஆட்களின் வரவு குறிக்கிற கம்பெனி டைம் ஆபீஸில் வியாகுலத்தைக் கேட் உதவியாள் என்று எழுதி வைத்திருந்தார்கள். கேட்டைத் திறந்து மூடுவது அவர் வேலையில் சின்னப் பங்குதான். காலையில் வேலைக்கு வருகிற ஒவ்வொரு ஆண்பிள்ளையும் அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊத வேண்டும். அவர் முகர்ந்து பார்ப்பார். சாராய வாடை இல்லை என்றால் கையை உள்பக்கம் வீசுவார். இருக்கிறது என்றால் வெளிப்பக்கம் வீசுவார். அப்படி வீசிவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. அடுத்த பஸ் ஏறி ஊருக்குப் போக வேண்டியதுதான்.

ஊதச் சொன்னால் சிலர் ஊதுகிற மாதிரி பாவனை செய்து மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஒவ்வொருவரையும் ‘ஹொகேனக்கல்’ என்று சத்தமாகச் சொல்லச் சொல்வார். அந்த முதல் எழுத்தில் வயிற்றுக்குள் இருக்கிற காற்றெல்லாம் வெளியே வந்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. காலையில் நூறு பேர் வரிசையில் நின்று ஹொகேனக்கல், ஹொகேனக்கல் என்று சொல்லிக்கொண்டே நகர்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால், அருவிக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் என்று நினைப்பார்கள்.

கம்பெனி, ராயக்கோட்டை தாண்டி ஓசூர் போகிற ரோட்டில் இருந்தது. தகரத்தைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, வண்டிகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன சாமான்கள் செய்கிற இடம். நான் அங்கே கேன்டீனில் டம்ளர் கழுவினேன், பெருக்கினேன். கேன்டீன் ஜன்னல் கேட்டைப் பார்த்து இருந்தது. வியாகுலம் வந்த நாளிலிருந்து போன நாள் வரை அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

இந்த முகர்கிற ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரஸ்ஸில் விரல் போவது அந்தக் கம்பெனியில் புதிதில்லை. சாராயக் கடைகள் திறந்திருந்த வருடங்களில் பாதிப் பேர் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள், விரலும் போய்க்கொண்டுதான் இருந்தது. அதற்காக யாரும் யார் வாயையும் முகரவில்லை. பிறகு சர்க்கார் கடைகளை மூடியது. குடிக்கிறவர்கள் எல்லை தாண்டி அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். அப்படி வந்த ஒருவன், பெங்களூரிலிருந்து வந்திருந்த முதலாளியின் காரில் சாய்ந்துகொண்டு வாந்தி எடுத்தான். அடுத்த வாரமே வியாகுலம் வேலைக்கு வந்துவிட்டார். விரலைவிடக் காருக்கு மரியாதை அதிகம்.

வியாகுலத்துக்கு அந்த வேலை கிடைத்ததற்கு ஒரே தகுதி, பாலக்கோட்டில் கடை இருந்த காலமெல்லாம் அவர் சாராயம் ஊற்றிக் கொடுத்தவர் என்பதுதான். டைம் ஆபீசர் கிருஷ்ணப்பனிடம் அவர் சொன்னதை நான் டீ கொண்டுபோனபோது கேட்டேன்.

“கண்ணக் கட்டிவுடுங்க ஐயா. மோந்து பாத்து, எந்த ஊருச் சரக்கு, எத்தினி தண்ணி கலந்துதுன்னு சொல்றனுங்க.”

“நீ குடிப்பியா?”

“சர்வேசுரன் மேல ஆணைங்க. ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல.”

அது உண்மைதான். அவர் குடித்ததில்லை. ஊர் முழுக்க மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வரிசையில் முழங்கால் போட்டவர். இப்போது அதே ஆட்களை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டார். ஊரில் தன்னைப் பரிசோதனை ஆபீசர் என்று சொல்லிக்கொண்டார்.

கிருஷ்ணப்பன் அவரை ஒரு வருடம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். நன்றாகச் செய்தால் பர்மனென்ட். பர்மனென்ட் என்றால் காக்கிச் சட்டை, தோளில் கம்பெனி பட்டை, பி.எஃப். பிடித்தம், போனஸ் எல்லாம். வியாகுலத்துக்கு நிலம் கிடையாது. கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாள். கம்பெனியில் பர்மனென்ட் என்று சொன்னால் பெண் கேட்டு வருகிறவர்களின் தரமே மாறிவிடும். அதனால் அந்த ஒரு வருடம் அவர் வேறு எதையும் நினைக்கவில்லை. பர்மனென்ட் என்கிற சொல்லை அவர் சொல்லாத நாளே கிடையாது. கேன்டீன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு எங்கள் சமையல்காரி மதலேனம்மாளிடமும் சொல்வார்.

“நான் பர்மனென்ட் ஆயிட்டன்னா இந்தத் தண்ணி டீயெல்லாம் குடிக்க மாட்டன் ஆத்தா. டிகாசன் தனியா, பாலு தனியா கொண்டாரணும்.”

“அதுக்கென்ன, பாலுக்கு மாடு நீயே புடிச்சிக்கிட்டு வா” என்பாள் மதலேனம்மாள்.

ஆரம்பத்தில் அவர் மூக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை மறைத்துச் சொல்லக் கூடாது. பிரஸ்ஸில் வேலை செய்கிற ஆண்டி என்பவன் ஒருநாள் கொய்யா இலையை மென்றுகொண்டு வரிசையில் வந்தான். ஹொகேனக்கல் சொன்னான். வியாகுலம் கண்ணை மூடி இழுத்தார்.

“கொய்யா எலை” என்றார். “அதுக்கு அடியில வெங்காயம். அதுக்கும் அடியில எல்லைக்கு அந்தாண்ட வாங்குன சரக்கு. ராத்திரி சாப்புட்டிருக்குற.”

வரிசையே சிரித்தது. ஆண்டியும் சிரித்துக்கொண்டேதான் ஊருக்குத் திரும்பினான். வியாகுலம் சிரிக்கவில்லை. கச்சேரியில் பாடி முடித்தவர் மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வயதுக்காரர்களையும் ‘வாயைத் தொறடா’ என்றார். பீடி நாற்றம், பூண்டு நாற்றம், சொத்தைப் பல் நாற்றம் என்று ஒவ்வொருவனுக்கும் வரிசைக்கு முன்னால் சத்தமாகச் சொல்லிவிடுவார். புதிதாகக் கல்யாணமானவனைப் பார்த்து, “வூட்ல பல்பொடி இல்லியா, பொண்ணு எப்பிடிப்பா தாங்குது?” என்பார். சாராயம் இல்லாதவனும் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போனான்.

அந்த மூக்கைக் கெடுத்தது ஆண்டிதான். அவன் ஒன்றும் பெரிய அறிவாளி இல்லை. ஆனால் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நாட்களில் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்து பார்த்திருக்கிறான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் மற்றவர்களிடம் சொன்னான்.

“அந்தாளு பொடி போடறான் பாத்தீங்களா? போட்ட ஒடனே வர்றவனை எல்லாம் உள்ள வுட்டுடறான். அப்ப அவனுக்கு ஒண்ணும் தெரியறதில்ல. நாமளே வாங்கிக் குடுத்துட்டா?”

வியாகுலத்துக்கு மூக்குப்பொடி பழக்கம் முன்பே இருந்தது. மடியில் ஒரு சின்னப் பொடி மட்டை வைத்திருப்பார். எப்போதாவது ஒரு சிட்டிகை. ஆண்டி அடுத்த வாரம் சேலத்திலிருந்து நல்ல பட்டணம் பொடி வாங்கி வந்தான். வரிசையில் தன் முறை வந்ததும் ஊதுவதற்கு முன்னால் மட்டையைப் பிரித்து நீட்டினான்.

“அண்ணா, உங்களுக்குன்னே வாங்கியாந்தன். ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துச் சொல்லுங்க.”

வியாகுலம் இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. “அருமைடா” என்றார். ஆண்டி ஹொகேனக்கல் சொன்னான். கை உள்பக்கம் வீசியது.

அதன் பிறகு குடிக்கிறவன், குடிக்காதவன் எல்லாரும் பொடி கொண்டுவந்தார்கள். குடிக்காதவன் எதற்குக் கொண்டுவந்தான் என்றால், கொடுக்காதவனை அவர் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் இதை லஞ்சம் என்று நினைக்கவே இல்லை. மரியாதை என்று நினைத்தார். ஆபீசர்களுக்குத் தீபாவளிக்குப் பழக்கூடை வருவது போலத் தனக்குப் பொடி வருகிறது என்று மதலேனம்மாளிடம் பெருமையாகச் சொன்னார். காலையில் வரிசை முடிவதற்குள் அவர் மேலுதடு கறுத்துப்போயிருக்கும். தும்மி தும்மி முகம் வீங்கியிருக்கும். அந்த மூக்கை வைத்துக்கொண்டு கடைசி ஆள் வரை முகர்ந்தார்.

ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மூக்கு செத்துப்போயிற்று. அது எனக்குத் தெரிந்தது ஒரு காலை வேளையில். அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது. அடிபிடித்து, கருகி, பக்கத்து ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாம் என்ன நாற்றம் என்று எட்டிப் பார்த்தார்கள். வியாகுலம் ஜன்னலில் மூக்கை நுழைக்காத குறையாக நின்றுகொண்டு, “பாலு இன்னும் காயலியா ஆத்தா?” என்று கேட்டார்.

மதலேனம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவர் போன பிறகு அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

“மூக்கே இல்லாதவன மோந்து பாக்க வெச்சிருக்கறானுங்க பாரு. எந்தக் கம்பெனிக்கடி இந்த அறிவு வரும்?”

மூக்கு போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார், வருடம் முடியவில்லையே. முன்பு மூக்கால் செய்ததை இப்போது கண்ணால் செய்தார். கண் சிவந்திருந்தால் வெளியே. நடை தள்ளாடினால் வெளியே. முகர்வது மாதிரி இழுத்துவிட்டு, பிடிக்காதவனுக்குக் கையை வெளிப்பக்கம் வீசினார். மாதத்துக்குக் கொஞ்சம் பேரையாவது திருப்பி அனுப்பினால்தான் டைம் ஆபீஸில் தன் வேலை தெரியும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

இதற்குள் ஆட்களின் பழக்கமே மாறிவிட்டது. அது எனக்குக் குப்பையிலிருந்து தெரிந்தது. முதலில் பெருக்கும்போது கிராம்பும் கொத்துமல்லி விதையும் வரும். பிறகு கக்கூஸுக்குப் பின்னால் இருமல் டானிக்கின் சின்னப் பழுப்பு பாட்டில்கள் கிடந்தன. அத்தனை பேருக்கு இருமல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு மாத்திரை அட்டைகள். தூக்க மாத்திரை, வலி மாத்திரை, பெயர் தெரியாத மாத்திரை. சாராயத்துக்கு எல்லை தாண்ட வேண்டும், பாதி ராத்திரி திரும்ப வேண்டும், காலையில் நாறும். மாத்திரைக்கு இது ஒன்றும் வேண்டாம். மெடிக்கல் ஷாப் பஸ் ஸ்டாண்டிலேயே இருந்தது. சாராயம் குடித்தவன் சத்தம் போடுவான், தள்ளாடுவான், யாராவது பார்த்துப் பிரஸ்ஸிலிருந்து இழுத்துவிடுவார்கள். மாத்திரை போட்டவன் சாமி கும்பிடுகிறவன் மாதிரி அமைதியாக நின்றுகொண்டு பெடலை மிதித்தான்.

பேக்கிங்கில் இருந்த பெண்களை ஊதச் சொல்லவில்லை. பெண்கள் எதுவும் போட மாட்டார்கள் என்பது கம்பெனியின் எண்ணம். அங்கே பாதிப் பேர் கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தார்கள், மீதிப் பேர் மூன்று மணி டீயோடு தலைவலி மாத்திரை விழுங்காமல் நிற்க முடியாது. டீ கொடுத்தவள் நான். கம்பெனி சாராயத்தைத்தான் தேடியது. காரில் வாந்தி எடுத்தது சாராயம்தானே.

மாரப்பன் என்று ஒருவர் இருந்தார். மாரண்டஹள்ளிப் பக்கம். பிரஸ்ஸில் நன்றாக வேலை செய்கிறவர். குடிப்பதில்லை, பீடியும் கிடையாது. வாய் மட்டும் சும்மா இருக்காது. எல்லாரும் பொடி கொடுத்தபோது அவர் கொடுக்கவில்லை.

“என்னா மாரப்பா, உனக்கு எங்க மேல பிரியமே கெடையாதா?” என்று வியாகுலம் வரிசையில் கேட்டார்.

“உங்க மேல இருக்குதுங்க. உங்க மூக்கு மேலதான் கெடையாது. நெலக்கரி தள்ற எஞ்சினு மாதிரி இருக்குது.”

வரிசை சிரித்தது. அன்றே மாரப்பனைக் குடித்திருக்கிறான் என்று வெளியே அனுப்பினார் வியாகுலம். அதன் பிறகு அடிக்கடி அனுப்பினார். மாரப்பன் டைம் ஆபீஸில் போய்ச் சொன்னார். கிருஷ்ணப்பன் தலையைக்கூடத் தூக்கவில்லை. “அவரு மூக்கு பொய் சொல்லாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆண்டி அப்போது உள்ளே மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த தையில் மாரப்பனுக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டார். அவசர ஆர்டர் இருக்கிறது, இன்றைக்கு இரண்டு ஷிப்டும் பார்க்க வேண்டும் என்றார் கிருஷ்ணப்பன். முதலுதவி ரூமுக்கு அனுப்பி மஞ்சளாக இரண்டு சளி மாத்திரை கொடுக்கச் சொன்னார். கேன்டீனில் என்னிடம் தண்ணீர் வாங்கித்தான் மாரப்பன் அதை விழுங்கினார். “இது தூக்கம் வர்ற மாத்திரையாச்சே” என்றாள் மதலேனம்மாள். “கம்பெனி குடுத்தது, தூங்குனா கம்பெனியே எழுப்பும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களைப் பிரஸ் எடுத்துக்கொண்டது.

கையைத் துணியில் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். வியாகுலமும் ஒரு பக்கம் பிடித்தார். ஜீப் போன பிறகு கிருஷ்ணப்பன் அவரைக் கேன்டீனுக்குப் பின்னால் கூட்டி வந்தார். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தும் அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை.

“குடிச்சிட்டு மிஷின்ல கைய வுட்டான்னா கம்பெனி நஷ்டஈடு குடுக்க வேண்டியதில்ல. சட்டத்துலயே இருக்குது” என்றார் கிருஷ்ணப்பன். “லேபர் ஆபீசரு விசாரணைக்கு வருவாரு. மோந்து பாக்கறவன் நீ. நீ சொன்னா எடுபடும்.”

வியாகுலம் உடனே சரி என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு கணம் ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் அவர் என்ன யோசித்தார் என்று தெரிந்தது.

“ஐயா, குடிச்சிருந்தான்னு சொன்னா, நீ ஏன்டா உள்ள வுட்டேன்னு என்னயக் கேப்பாங்களே. எம் பர்மனென்ட்டு போயிடுமே.”

“காலையில வாடை இல்ல. உள்ள வந்து எங்கயோ குடிச்சிருக்கறான். ஜீப்புல ஏத்தறப்ப நெருங்கி மோந்தே, அப்ப தெரிஞ்சிது. அப்பிடிச் சொல்லு.”

வியாகுலம் அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “சொல்றனுங்க” என்றார். “அடுத்த மாசம் ஆர்டர் குடுத்துடுவீங்களா?”

“விசாரண முடியட்டும். சட்டைக்கு அளவு குடுத்துடு.”

மறுநாளே தையற்காரனிடம் அளவு கொடுத்துவிட்டு வந்தார். மாரப்பன் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய மனைவி செல்லி கேட்டுக்கு வந்து, என்னங்க ஆச்சு, எப்பிடிங்க ஆச்சு என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாகுலம் அவளிடமும் பயிற்சி செய்து பார்த்தார்.

“குடிச்சிருந்தாப்பல தெரியுதம்மா. நான் என்ன பண்ணட்டும், மூக்குன்னு ஒண்ணு இருக்குதே.”

செல்லி அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அவள் ஒன்றும் திட்டவில்லை. “அவரு குடிக்கறத நீங்கதான் மொதல்ல பாத்திருக்கறீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விசாரணை டைம் ஆபீஸிலேயே நடந்தது. அது அடைத்த ரூம். இரண்டு நாளாகப் பீரோவுக்குப் பின்னால் ஒரு எலி செத்து நாறிக்கொண்டிருந்தது. பீரோவை நகர்த்த ஆள் கூப்பிட்டிருந்தார்கள், ஆனால் லேபர் ஆபீசர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், பக்கத்தில் கிருஷ்ணப்பன். பெஞ்சில் கையில் கட்டோடு மாரப்பன், அவர் பின்னால் செல்லி. வியாகுலத்துக்குப் பீரோவை ஒட்டி ஒரு ஸ்டூல். தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து, பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

டீ கொண்டுபோனவள் நான். வாசலிலேயே எனக்குக் குமட்டியது. லேபர் ஆபீசர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார். கிருஷ்ணப்பன் முந்திய நாளிலிருந்தே ஒரு ஊதுபத்தியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு திரிந்தார். செல்லி முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். மாரப்பன் இடது கையால் மூக்கைப் பிடித்திருந்தார். வியாகுலம் மட்டும் இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு, எலிக்கு ஒரு முழம் தள்ளி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

“ஜீப்புல ஏத்தறப்பதான் வாடை அடிச்சிதுங்க ஐயா. நல்லாவே அடிச்சிது. எங்கிட்ட யாரும் மறைக்க முடியாதுங்க. பத்தடி தள்ளி வந்தாலே சொல்லிடுவன்.”

லேபர் ஆபீசர் எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். கைக்குட்டைக்கு மேலாக அவரைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். திரும்பவும் அவரைப் பார்த்தார்.

“பத்தடியா?”

“ஆமாங்க.”

“சரி, இந்த ரூம்ல இப்ப என்ன வாசனை வருது, சொல்லுங்க.”

கிருஷ்ணப்பன் என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். லேபர் ஆபீசர் கையைக் காட்டினார். வியாகுலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கேட்டில் இழுப்பது போல நீளமாக இழுத்தார். அவ்வளவு ஆழமாக அந்தக் காற்றை இழுத்த ஒரே மனிதர் அந்த ரூமில் அவர்தான். பிறகு கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். என் கையில் தட்டைப் பார்த்தார்.

“டீ வாசனைங்க” என்றார். “ஏலக்கா தட்டிப் போட்டிருக்குது.”

எங்கள் கேன்டீன் டீயில் ஏலக்காய் போட்டதே கிடையாது.

“வேற?”

வியாகுலம் யோசித்தார். யாராவது கண்ணில் ஒரு ஜாடை காட்டுவார்களா என்று கிருஷ்ணப்பனைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா பவுடரு போட்டிருக்கறீங்க. நல்ல பவுடரு.”

மாரப்பன்தான் முதலில் சிரித்தார். கை வலித்திருக்கும், உடனே நிறுத்திக்கொண்டார். லேபர் ஆபீசர் சிரிக்கவில்லை. மாரப்பனைப் பார்த்து அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சளி மாத்திரை, முதலுதவி ரூமில் கொடுத்தது என்றார் மாரப்பன். யார் கொடுக்கச் சொன்னது என்று கேட்டார். அதற்கு மாரப்பன் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிருஷ்ணப்பன் முகமே சொல்லிவிட்டது. ஜன்னலையெல்லாம் திறங்கள், மீதியை மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம் என்று லேபர் ஆபீசர் எழுந்துவிட்டார்.

எல்லாரும் வெளியே போன பிறகும் வியாகுலம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் கேட்டார். “என்னாம்மா நாறுது? என்னா வாசனை இங்க?”

“எலிங்க” என்றேன்.

கம்பெனி மாரப்பனுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. பிரஸ்ஸில் இனி அவரால் நிற்க முடியாது, அதனால் லேசான வேலையும் கொடுக்க வேண்டும் என்று லேபர் ஆபீஸில் எழுதிவிட்டார்கள். கம்பெனியில் இருந்த லேசான வேலை ஒன்றுதான், கேட்டில் நிற்பது. அதை மாரப்பனுக்குக் கொடுத்தார்கள், பர்மனென்ட்டாக. வியாகுலத்தை அந்த மாதக் கடைசியில் நிறுத்தினார்கள். கிருஷ்ணப்பனுக்கு அவர் மேல் கோபம், பொய் சொன்னார் என்பதற்காக இல்லை, ஏலக்காய் என்று சொன்னார் என்பதற்காக. “ஒண்ணும் தெரியலன்னு சொல்லியிருந்தா சளின்னு சொல்லிச் சமாளிச்சிருப்பன். ஏலக்காயாம், ஏலக்கா” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெங்களூரிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் வாங்கி வந்தார்கள். அதில் ஊதினால், குடித்திருந்தால் நிறம் மாறுமாம். குழாய்கள் தீர்ந்ததும் திரும்ப வாங்கவில்லை. அதிலும் சாராயம்தான் தெரியும். மாரப்பன் யாரையும் ஊதச் சொல்லவில்லை. வருகிறவன் கண்ணைப் பார்த்து, பிரஸ்ஸுக்கு வேண்டாம், இன்றைக்கு மூட்டை தூக்கு என்று சொல்வார். சிலர் கேட்டார்கள். ஆண்டி கேட்கவில்லை. மாத்திரை அட்டைகளை நான் தொடர்ந்து பெருக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

வியாகுலத்தை அதன் பிறகு ஒரு வருடம் பார்க்கவில்லை. அவர் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று மதலேனம்மாள் சொன்னாள். ஒருநாள் மாரண்டஹள்ளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். அளவு கொடுத்ததைத் தைத்து வாங்கிக்கொண்டிருக்கிறார், தோளில் பட்டைதான் இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், எங்கே வேலை என்று கேட்டார்.

“கம்பெனியில ஆபீசரா இருந்தனுங்க. ஓசூர் ரோட்டுல. இப்ப வுட்டுட்டன்.”

“ஏன் வுட்டீங்க?”

“ஒரு ஆளுக்கு மிஷின்ல வெரலு போயிடுச்சுங்க. புள்ளகுட்டிக்காரன். அவனுக்கு வேற வேல இல்ல. எங்க சாமியாரு பிரசங்கத்துல சொல்லுவாரு, ரெண்டு சட்ட இருந்தா ஒண்ணு இல்லாதவனுக்குக் குடுன்னு. நான் எம் பர்மனென்ட்டையே அவனுக்கு எழுதிக் குடுத்துட்டன்.”

பெரியவர் நெகிழ்ந்துபோனார். இந்தக் காலத்தில் இப்படி யார் செய்வார்கள் என்றார். பங்குச் சாமியாரும் இதையே சொன்னார், பூசையில் எழுப்பி நிறுத்திச் சொன்னார் என்றார் வியாகுலம். சொல்லிக்கொண்டே, தன் கதையை இன்னும் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வருடம் அவருக்கு டீ கொடுத்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“நீ எந்த ஊரும்மா?” என்றார். “நாஞ் சொல்றது சரிதானே?”

“அப்படிங்களா” என்றேன்.

என் ஊர் வந்தது. இறங்கிவிட்டேன். பஸ் நகரும்போது பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.